சுங்கச்சாவடிக் குமாஸ்தாவுக்கு என் பதில்

ஜனவரி 14, 2001. பிளெய்ன்ஸ்பரோ

பானை பொங்குவதற்கு முன்னால் ஸ்மோக் அலாரம் பொங்கிவிட்டது. அறைத்தோழி ஜெயசெல்வி நாற்காலியில் ஏறி நின்று பீட்சா அட்டையால் விசிற, நான் கீழே நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினேன். கீழ்வீட்டு வெள்ளைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம்.

மாலையில் மயில்சாமி அங்கிள் போன் செய்தார். என்னை இந்த ஊருக்குக் கொண்டுவந்த கம்பெனியின் முதலாளி. தமிழ்ச் சங்கத் தலைவரும் அவரே.

"அம்மிணி, சித்திரை விழாவுல கவியரங்கம் வெச்சிருக்கோம். நீயும் ஒண்ணு படிச்சுப்போடு. தலைப்பு, வாழ்வளித்த வள்ளல்கள்."

எந்த வள்ளல் என்று நான் கேட்கவில்லை. என் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரே ஒரு கையெழுத்துக்காக ஐந்து மாதமாக அவர் மேசையில் கிடக்கிறது. "சரிங்க அங்கிள்" என்றேன். தூ.

ஜனவரி 25

அங்கிள் ஆபீஸில் கேட்டேன். "சார் உங்க பேப்பரப் படிச்சிட்டிருக்கார்" என்றாள் ரிசப்ஷனிஸ்ட். ஐந்து மாதமாகவா? எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரா?

பிப்ரவரி 6

அங்கிள் என்னை வாடகைக்கு விட்டிருக்கும் கம்பெனியில் பக்கத்து க்யூபிக்கிள் லின்னுடையது. சீனாக்காரி. தன் மானிட்டருக்கு மேல் நான்கு வரிக் கவிதை ஒன்றைக் குத்தி வைத்திருக்கிறாள். என்ன என்று கேட்டதில் மதியச் சாப்பாடு முழுவதும் அதிலேயே போயிற்று.

எழுதியவன் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆள். ஆற்றுச் சுங்கச்சாவடியில் குமாஸ்தா. மேலதிகாரி வந்தால் இடுப்புவரை குனிய வேண்டும். ஒருநாள் முத்திரையை மேசையில் வைத்துவிட்டு நடந்துவிட்டான். (பெயரை நான் சொன்னால் லின் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அதனால் குமாஸ்தா என்றே எழுதுகிறேன்.) லின் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் போட்டேன்:

முத்திரையை வைத்துவிட்டேன், இன்னும் விரியவில்லை கை.
அதிகாரி வருகிற நாளில் சரியாக வந்தது மழை.
நான் பார்க்காமலே ஆற்றைக் கடந்தது படகு.
இனி எவனுக்கும் குனியேன் என்றேன். வாசல் தாழ்ந்தது என் வீடு.

கடைசி வரியில் சிரித்துவிட்டேன். பாவி, வேலையை விட்டும் குனிகிறானே!

பிப்ரவரி 9

லின் சொன்ன வழக்கம் பிடித்திருக்கிறது. செத்துப்போன கவிஞனுக்குப் பின்னால் வந்தவர்கள் பதில் எழுதுவார்களாம். வரியின் கடைசிச் சொற்கள் மாறக் கூடாது. நம் புலவர்கள் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வார்களே, அது மாதிரி. ஆனால் இங்கே கொடுத்தவன் செத்துப்போனவன்.

முன்னூறு வருடம் கழித்து, நாடு கடத்தப்பட்ட ஒரு ஆளுநர் எழுதினானாம். அவன் பார்வையில் குமாஸ்தா, வீட்டுக்குத் திரும்ப ஏங்கியவன். ஒரு துறவிக்கு எல்லாம் துறந்தவன். புருஷனை இழந்த ஒருத்தி, விரியாத அந்தக் கையை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறாள்.

"சரி, அவன் நிஜமாகவே என்ன நினைத்தான்?" என்றேன்.

"தெரியாது. இவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது" என்றாள் லின்.

எல்லாரும் தப்பு. அவன் என்னை மாதிரி ஹெச்-ஒன்-பி விசாக்காரன். எனக்குத் தெரியும்.

மார்ச் 18

எழுதிவிட்டேன். வள்ளலுக்குக் காட்டப்போவது இதுதான்:

என் பெயரில் ஆறு வருட அனுபவம் எழுதியது எவர் கை?
வேலை கிடைத்தால் சம்பளம். அதுவரை பார்த்திரு, வரும் மழை.
ஒன்பது பேரை ஏற்றி வந்து கரையோரம் தூங்குது படகு.
குனிந்து கேட்டால் கதவு திறக்கும், மூன்று கார் நிற்கும் வீடு.

எல்லாம் நடப்பதுதான். என் அனுபவம் இரண்டு வருடம். ரெஸ்யூமேயில் அதை ஆறாக்கியது அங்கிளின் ஆபீஸ். ஒன்பது பேர் ப்ராஜெக்ட் இல்லாமல் அவருடைய கெஸ்ட் ஹவுஸில் படுத்திருக்கிறார்கள். மூன்று கார் நிற்கும் வீட்டில் கொலு சுண்டல் சாப்பிட்டிருக்கிறேன்.

ஜெயசெல்வியிடம் படித்துக் காட்டினேன். "ஏட்டி, ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? அந்த மனுசன் கையெழுத்து போடலன்னா நீ நேரா மெட்ராஸ் பிளைட்டுதான்."

"இது சீனக் குமாஸ்தாவைப் பத்தி."

"ஆமா, சீனாவுல மூணு கார் கராஜ்."

ஏப்ரல் 13

நாளைக்கு. பயமா? ஆமாம். வேறு ஏதாவது, மலர், நிலா என்று எழுதிவிடலாமா? ச்சீ.

ஏப்ரல் 15

நேற்று நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

பள்ளிக்கூட கஃபடேரியா. எனக்கு முன் படித்த நாலு பேரும் அங்கிளைக் கடையெழு வள்ளல்களுக்கு அடுத்து எட்டாவது ஆளாகச் சேர்த்தார்கள். நான் குமாஸ்தாவின் கதையைச் சொல்லி, அவன் கவிதையைப் படித்து, என்னுடையதைப் படித்தேன். ஒவ்வொரு வரியையும் அவர் முகத்தைப் பார்த்தே படித்தேன். பின்வரிசையில் கெஸ்ட் ஹவுஸ் பையன்கள் விசில் அடித்தார்கள். முன்வரிசை கல்.

அங்கிள் எழுந்து மேடைக்கு வந்தார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர்.

"என்ற கதைய எழுதிப்போட்டியே அம்மிணி!"

என்ன?

தொண்ணூறில் இவரைக் கூட்டிவந்த முதலாளியும் அனுபவத்தைக் கூட்டித்தான் போட்டாராம். எடிசனில் அந்த ஆளின் பெரிய வீட்டு வாசலில் பேப்பருக்காக இவர் பனியில் நின்றாராம். "ஈரோட்டுல ரெஜிஸ்டர் ஆபீஸ் வேலைய உட்டுப்போட்டு வந்தவன் நானு. குமாஸ்தாதான் நானும்!" என்று மைக்கிலேயே சொன்னார். கைதட்டல். கவிதையை ஆண்டு மலரில் போடுகிறார்களாம்.

அடப்பாவி மனுஷா! மூன்று கார் வீடு உன்னுடையது! நீ அதிகாரி! குமாஸ்தா நான்!

ஜெயசெல்வி காரில் வீடுவரை சிரித்துக்கொண்டே ஓட்டினாள். எக்ஸிட்டைத் தவறவிட்டோம்.

ஏப்ரல் 17

லின்னிடம் சொன்னேன். "ஆளுநர், துறவி, விதவை, மயில்சாமி" என்று விரல்விட்டு எண்ணினாள். என் முகத்தைப் பார்த்து ஐந்தாவது விரலையும் மடக்கினாள். ஐந்தாவது நானாம்! மதியச் சாப்பாட்டைத் தனியாகப் போய்ச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 30

அங்கிள் எனக்குப் பதில் கவிதை ஃபேக்ஸ் செய்திருக்கிறார்! விதிப்படி, அதே கடைசிச் சொற்களில்:

உழைத்து உழைத்து உரமேறியது என் கை!
உள்ளமெல்லாம் ஊற்றெடுக்கும் உவகை மழை!
ஒன்பதுபேரை இறக்கக் கரையின்றிச் சுற்றுது படகு!
ஓங்கட்டும் தமிழ், ஒளிரட்டும் நம் வீடு!

ஜெயசெல்வி நெஞ்சில் கைவைத்து மேடைப் பேச்சாளர் மாதிரி படித்தாள். மூன்றாம் வரியில் நின்றுவிட்டாள். நானும் சிரிக்கவில்லை.

கரையின்றி. ஒரே ஒரு வரியில் ஆச்சரியக்குறிக்குக் கீழே ஆள் தெரிகிறார்.

மே 4

நேரே அவர் அறைக்குப் போய் எதிரே உட்கார்ந்தேன். "அங்கிள், கம்பெனியில ப்ராஜெக்டே இல்லையா?"

"யாரு சொன்னது?"

"நீங்கதான். மூணாவது வரி."

"அது மோனைக்கு எழுதுனது அம்மிணி."

நான் எழுந்திருக்கவில்லை. பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே சொன்னார். கம்பெனியை ஆகஸ்டில் மூடுகிறாராம். வீட்டம்மாவுக்கே இன்னும் தெரியாதாம். "மூடப்போற கம்பெனி பேருல கிரீன் கார்டுக்குக் கையெழுத்து போட்டா உனக்கு ஒண்ணுக்கும் ஆகாது. சொல்லவும் வாய் வல்ல. அதான் போடல."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? அந்த ஒன்பது பேரும் இன்னும் ப்ராஜெக்ட் வரும்னு உக்காந்திருக்காங்க!" கத்தினேன். குனிந்துகொண்டார். குமாஸ்தாதான், பார்க்க அப்படியே. ஆனால் அதிகாரியும் இவர்தான். கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம்.

இடையில் போக மாட்டேன் என்று நான் எழுதிக்கொடுத்த பாண்டைத் தேடி எடுத்துக் கிழித்தார். அனுபவச் சான்றிதழுக்குப் பேனாவை எடுத்தார். "ஆறுன்னே போட்டுடட்டுமா?"

"ரெண்டு போடுங்க அங்கிள்."

போட்டார்.

மே 5

ஒன்பது பேரிடமும் சொல்லிவிட்டேன். அவர் சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை.

மே 29

அனுபவம் இரண்டு வருடம் என்றதும் மூன்று கம்பெனிகள் போனை வைத்துவிட்டன. நான்காவது எடுத்துக்கொண்டது. டெக்சாஸ். கிரீன் கார்டு மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 8

பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தேன். லின் என் கவிதையை மானிட்டருக்கு மேல், குமாஸ்தாவுக்குக் கீழே குத்தினாள். அதற்குக் கீழே மயில்சாமி அங்கிளுடையது. "அதுவுமா?" என்றேன். "அதுவும்தான்" என்றாள்.

ஜூன் 17. ரவுண்ட் ராக், டெக்சாஸ்

புது அபார்ட்மெண்ட். ஜெயசெல்வி போனில் வாசலில் மாவிலை கட்டினாயா என்று கேட்டாள். கட்டவில்லை. கதவு நல்ல உயரம், நான் எம்பினாலும் எட்டாது. சாவியைத் திருகி, பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனபோது தலை தானாகக் குனிந்தது. வெளியே வந்து, மறுபடி நிமிர்ந்து நுழைந்தேன்.