இடப்பக்கம் காட்டிய அம்புக்குறி

இன்று காலை காரின் இலக்கத்தகட்டில் புது வருடத்து ஒட்டுத்தாளை ஒட்டப் போனேன். பழையது குளிரில் இறுகி நகத்துக்கு அசையவில்லை. கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் ஒரு பிளக் இருக்கிறது. தலைமயிர் உலர்த்துகிற மெஷினைக் கொண்டுபோய் அதில் மாட்டிச் சூடு காட்டினேன். பசை இளகி அந்த மணம் வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. அரைகுறையாய் உரிந்த ஒட்டுத்தாளை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்து, உமக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீர் போய் ஏழு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறாளே என்று சிரிப்பீர். சிரியும்.

இந்த நகரத்து வெக்ஸ்போர்ட் பகுதியில், அந்தப் பலகை செய்யும் இடத்தில், நீரும் நானும் ஒரே மேசையில் நின்றோம். வீதிப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், கடைப் பெயர்கள். வெளிச்சம் பட்டால் மினுங்கும் தாளில் மெஷின் எழுத்துகளை வெட்டித் தரும். வேண்டாத துண்டுகளை நாங்கள் சின்னச் சாவணத்தால் கிள்ளி எடுத்து, எழுத்தைத் தகட்டில் ஒட்ட வேண்டும். முதல் நாளே நீர் என்னைப் பார்த்து, "நீர் யாழ்ப்பாணம்தானே? துண்டைப் பிடுங்கிற வேகத்திலயே தெரியுது" என்றீர். மட்டக்களப்பு ஆள் நீர். எங்கள் அவசரத்தைப் பகிடி பண்ணாமல் உமக்கு ஒரு நாளும் விடியாது. எனக்கு அகதிக் கேஸ் முடியாத காலம். யாராவது கதவைப் பலமாகச் சாத்தினாலும் நெஞ்சு துள்ளும். உமக்குக் கேஸ் முடிந்திருந்தது. உம்முடைய பயம் வேறு இடத்தில் இருந்தது.

கரீபியன் கடலில் ஒரு தீவு. உங்களை மூன்று பேராய்க் கூட்டிவந்த ஏஜன்ட், அந்தத் தீவில் எட்டு மாதம் வைத்திருந்துவிட்டு, உம்மை மட்டும் ஏற்றி அனுப்பினான். கணவரும் ஆறு வயது மகளும் விசா முடிந்தபடி அங்கேயே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கடைக்காரரின் பின்அறையில் இருந்தார்கள். மகளுக்குத் தொய்வு. மழைக்காலம் வந்தால் மூச்சு இழுத்து உதடு நீலமாகிவிடும் என்று சொல்லும்போது உம்முடைய உதடும் காய்ந்துபோகும். "அங்க ஆஸ்பத்திரி எண்டு ஒண்டு பேருக்கு இருந்தது. டொக்டர் இல்லை, மருந்து இல்லை. பிறகு அதையும் பூட்டிப்போட்டினம்" என்றீர் ஒருமுறை.

அந்தத் தீவின் அரசாங்கம்தான் எங்கள் இடத்துக்கு அந்தப் பெரிய ஓடரைக் கொடுத்தது. தீவு முழுவதற்கும் வீதிப் பலகைகள், மேலே ஆங்கிலம், கீழே ஸ்பானியம். நீர் வரைபடத் தாள்களைப் புரட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தீர்.

"அங்க ஸ்பானியம் ஆருக்குத் தெரியும்? ஒரு குஞ்சுக்கும் தெரியாது."

"பின்ன ஏன் அடிக்கினம்?"

"அக்கரையில இருந்து வியாபாரியள் வருவினமாம். வந்து பாத்தா நாடு பெரிய நாடு மாதிரி இருக்கோணுமாம். ஆஸ்பத்திரியில ஒக்சிசன் சிலிண்டர் வெறுமையாக் கிடக்கு, ரோட்டில எழுத்து மினுங்கோணும்."

அதன் பிறகு ஒவ்வொரு பலகையையும் தூக்கி வைக்கும்போது ஏதாவது சொல்வீர். "இது ரெண்டு மாதத்து மருந்து." "இது ஒரு நேர்சின்ர சம்பளம்." உண்மைக் கணக்கல்ல, வயிற்றெரிச்சல். நான் அக்கம் பக்கம் பார்த்து, "மெதுவாக் கதையும்" என்பேன். முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மெதுவாகக் கதைப்பது எனக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது. அந்தக் காசில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சம்பளமும் வந்தது. அதை நீரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு அந்தத் தாள் வந்தது. உம்முடைய கணவரும் மகளும் இருந்த ஊரின் சந்திக்கான பலகை. ஆஸ்பத்திரி என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒரே எழுத்துகளாம். இருந்தும் ஒன்றின் கீழ் ஒன்றாய் இருமுறை ஒட்டச் சொல்லியிருந்தது. நீர் அதைக் கவனிக்கவே இல்லை. அம்புக்குறியில் விரலை வைத்தபடி நின்றீர்.

"இது பிழை. இடப்பக்கம் காட்டுது. இடப்பக்கம் இருக்கிறது பூட்டின ஆஸ்பத்திரி. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வலப்பக்கம் திரும்போணும்."

"ஆர் கீறினதோ அவையின்ர பிழை. விடும்."

"எப்பிடி விடுறது? அவருக்குப் பாதை தெரியும். அவர் தோட்டத்தில வேலைக்கு நிக்கேக்க பிள்ளைக்கு இழுத்தா, ஆரோ ஒருத்தன்தான் ஏத்திக்கொண்டு ஓடுவான். அவன் இதைப் பாத்துத் திரும்பினா?"

முதலாளியிடம் சொல்லப் போகிறேன் என்று ஏப்ரனைக் கழற்றினீர். நான் உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டேன். உமக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். தீவுக்குப் போன் பண்ணுவார். அங்கிருப்பவர்கள் யார் அந்தத் தொழிலாளி என்று தேடுவார்கள். விசா இல்லாத மனிதனையும் பிள்ளையையும் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். பயத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் நான்தான். நீர் ஏப்ரனைத் திரும்பக் கட்டினீர். பிறகு அம்புக்குறியை எடுத்து, வலப்பக்கம் பார்க்க ஒட்டினீர்.

ஒவ்வொரு பலகையும் வரைபடத்தோடு பொருந்துகிறது என்று கையெழுத்து வைப்பது என் வேலை. எனக்கு அகதி விசாரணைக்கு மூன்று கிழமை இருந்தது. வேலை செய்யிற இடத்துக் கடிதம் கட்டாயம் வேணும் என்று லோயர் சொல்லியிருந்தார். பலகை பிழையென்று திரும்பி வந்தால் வேலை போகும், கடிதம் போகும், நான் போவேன்.

மத்தியானம் நீர் கைநிறையச் சில்லறையோடு பிளாஸாவில் இருந்த ரெலிபோனுக்குப் போனீர். கடைக்காரரின் போனில் கணவர் காத்திருக்கும் நாள் அது. நீர் கதவைத் தாண்டியதும் நான் சூடான காற்று ஊதும் சூட்டுத் துவக்கை எடுத்து உம்முடைய அம்பை இளக்கி உரித்தேன். புதியதொன்றை இடப்பக்கம் பார்க்க ஒட்டினேன். மேலே கடதாசி சுற்றி, பெட்டிக்குள் வைத்து, கையெழுத்தும் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உரித்ததை ஏப்ரன் பைக்குள் ஒளித்தேன்.

நீர் திரும்பி வந்தபோது உம்முடைய முகத்தில் இரத்தமே இல்லை.

"பூட்டின ஆஸ்பத்திரிக்குப் பெயின்ற் அடிக்கினமாம். திறக்கப் போகினமாம். ஐயோ, நான் மாத்தி ஒட்டிப்போட்டன்! இனி இடப்பக்கம்தான் கிட்ட. வலப்பக்கம் போனா முக்கால் மணித்தியாலம்."

இந்த இடத்தில் நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் திருப்பி ஒட்டிவிட்டேன், பயப்படாதையும் என்று. முதலாளி பத்தடி தள்ளி நின்று பெட்டிக்கு ஆணி அறைந்துகொண்டிருந்தார். ஆனால் அவருக்குப் பயந்து நான் வாயை மூடவில்லை. உம்முடைய முதுகுக்குப் பின்னால் செய்ததை உம்முடைய முகத்துக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒண்டும் நடக்காது, விடும்" என்றேன். லொறி மூன்று மணிக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்து வந்த கிழமைகளில் உமக்கு அந்த அம்பைத் தவிர வேறு நினைப்பில்லை. நீர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடிவைப்பீர். "அந்த ரோட்டுப் போட்டை இப்ப நட்டிருப்பினமோ?" என்று காலையில் கேட்பீர். பின்னேரம் அதையே திரும்பக் கேட்பீர். என்னுடைய பிள்ளையை நானே வழி மாற்றி விட்டுவிட்டேன் என்று ஒருநாள் கழிவறையில் நின்று அழுதீர். நான் முதுகைத் தடவினேன். தடவிய கை என்னுடையது. அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

என் விசாரணை முடிந்தது. கடிதமும் கிடைத்தது, இந்த நாட்டில் இருக்கவும் விட்டார்கள். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லலாம் என்று நான் நினைத்துக்கொண்டு வந்த அன்றே நீர் துள்ளிக்கொண்டு வந்தீர்.

"திறக்கேல்லையாம்! தேர்தலுக்காகப் பெயின்ற் அடிச்சவையாம். தேர்தல் முடிஞ்சுது, பூட்டு அப்பிடியே தொங்குதாம். அப்ப நான் ஒட்டினது சரிதானே!"

எத்தனையோ கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டீர். என்னுடைய கறியிலும் பாதியை எடுத்துக்கொண்டீர். அந்த நிமிடத்திலிருந்து பயம் உம்மை விட்டு என்னிடம் வந்துவிட்டது. உம்முடைய அம்பு சரியென்றால் என்னுடைய அம்பு பிழை. தீவில் மழைக்காலம் எப்போது தொடங்கும் என்று உம்மிடமே கேட்டேன். "ஏன், அங்க குடிபோகப் போறீரோ?" என்று பகிடி பண்ணினீர்.

அடுத்த வருடம் கணவரும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சனிக்கிழமை உங்கள் அறையில் பாய் விரித்து இருந்தோம். உம்முடைய கணவர் நல்ல கதைகாரர். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்கட போட்டை நான் மறக்கமாட்டன். பிள்ளைக்கு ஒருநாள் சரியா இழுத்துப்போட்டுது. நான் தோட்டத்தில. கடைக்காரற்ற தம்பி வேற ஊரில இருந்து வந்து நிண்டவன், அவன்தான் வானில ஏத்திக்கொண்டு ஓடினவன். சந்தியில புதுப் போட் மினுங்குது, இடப்பக்கம் காட்டுது. அவன் இடப்பக்கம் திருப்பினான். போய்ப் பாத்தா, பூட்டு. திரும்பி வாறதுக்குள்ள பிள்ளைக்கு நினைவு தப்பீட்டுது. பட்டணத்து ஆஸ்பத்திரியில டொக்டர் சொன்னவர், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா சொல்லேலாது எண்டு. ஏதோ கடவுள் புண்ணியம்."

அவர் சிரித்தார். நீர் சிரிக்கவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தீர். அந்தப் பலகையைத் தொட்டது உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பாயின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து அடிப்பீர் என்றுகூட நினைத்தேன். நீர் மடியில் இருந்த மகளின் தலையைத் தடவி, "அன்ரியிட்டப் போம்மா" என்றீர். பிள்ளை எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதன் மூச்சு என் காதுக்குள் கீச்சுக் கீச்சென்று கேட்டது. நீர் என்னை மன்னித்தீரா, அந்த மூச்சைக் கேள் என்று தண்டித்தீரா? எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகும் நீர் என்னோடு கதைத்தீர், சிரித்தீர். அஜக்ஸில் வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது முதல் கோப்பையை எனக்குத்தான் தந்தீர். பலகையைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. கடைசியில், நோய் உம்மைக் கட்டிலோடு போட்ட பிறகு ஒருநாள், கண்ணை மூடியபடியே கேட்டீர்.

"எனக்குச் சொன்னா நான் திரும்பவும் மாத்தி ஒட்டிப்போடுவன் எண்டுதானே, நான் போனுக்குப் போன நேரம் பாத்து மாத்தினனீர்?"

"ஓம்" என்றேன்.

"எனக்கும் பயம்தான். ஆனா நான் பயத்தை உம்மட்டச் சொன்னனான்."

அவ்வளவுதான். அடுத்த கிழமை நீர் இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் அந்தத் தீவின் வீதி இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்த ஊரில், இந்தச் சந்தியில், இந்தப் பலகை பூட்டிய ஆஸ்பத்திரியைக் காட்டுகிறது, மாற்றுங்கள் என்று. என் பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் போட்டேன். இப்போது நான் இந்த நாட்டுக் குடிமகள், யாரும் என்னை எங்கும் ஏற்றி அனுப்ப முடியாது. இருந்தும் ஐந்து கிழமையாகக் கடிதம் மேசையிலேயே கிடந்தது. உம்முடைய மகள் தப்பிவிட்டாள். அவளுக்குப் பின்னால் எத்தனை பேர் அந்தச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினார்கள்? அந்தக் கேள்விக்கு யாராவது பதில் எழுதிவிடுவார்களோ என்றுதான் பயம்.

உம்முடைய மகள் வழக்கம்போல் இன்றைக்கும் தமிழ் வகுப்பு முடிந்து இங்கே வந்தாள். பதினான்கு வயது. நான் உமக்கு இதை எழுதிக்கொண்டிருக்க, அவள் அந்தக் கடிதத்தை எடுத்து வாசித்தாள்.

"அன்ரி, இங்கிலீஷ் ஓகே. பட் இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அது எங்கட ஊர்ச் சந்தி. ஐ ரிமெம்பர் தட் வான்."

இருபது தரம் பொய் சொல்லலாம் போலிருந்தது. சொல்லவில்லை. மேசை, அம்பு, சூட்டுத் துவக்கு, உம்முடைய கண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை உறைக்குள் வைத்து, நாக்கால் ஈரம்பண்ணி ஒட்டினாள். ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, உறையையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டாள்.

தபால் பெட்டி வீதி முனையில் இருக்கிறது. போய்வர ஐந்து நிமிடம் ஆகும். முக்கால் மணித்தியாலமாகிவிட்டது. யன்னலோரம் கதிரையைப் போட்டு இருந்து இதை எழுதுகிறேன். அவள் இன்னும் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உம்மிடம் சொல்கிறேன்.