மோர் கவிழ்ந்த நாளில் மீறப்பட்ட ஆணை

ஏழு நிலவுகளும் குடையாய்க் கவிய, விண்மீன் திரளெங்கும் ஆணை செலுத்தி வீற்றிருக்கும் மன்னர் செழுங்கதிரார் திருவடிக்கு, வான்படைச் செய்திநாயகன் தத்தன் வணங்கி வரையும் ஓலை. தேவரீர் நாட்டில் எல்லாம் பெருகுக. மோர் மட்டும் சற்றே குறைக.

காரணம் யாதெனில், போர்நாளன்று செய்திப்பொறியின்மேல் ஒரு செம்பு மோரைக் கவிழ்த்தவன் இந்தத் தத்தனே. பகைவர் எத்தனையோ முயன்றும் வாயடைக்க முடியாத பொறியை, கறிவேப்பிலை மிதந்த மோரால் அவன் ஒருவனே ஊமையாக்கினான்.

அதற்குச் சற்றுமுன்தான் வெள்ளிநிலாக் கோட்டையை எரிக்குமாறு தளபதி கழற்கீரனார் ஆணை விடுத்திருந்தார். இயந்திரப் பேருடலின் நெஞ்சறையில் அமர்ந்து அதை ஓட்டிய செங்கோதையோ, தீக்கணை தொடுக்காமல் திரும்பிவிட்டாள். மதிலில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன என்று மட்டும் சொன்னாள். இனித் தம் படை துணிக்கொடிகளுக்குக் காவல் நிற்கவேண்டுமோ எனச் சினந்த தளபதியார், அவள் தலையை வேண்டினார்.

நம் படை வழக்கம் தேவரீர் அறிந்ததே: ஆணை பெற்றவர் மறுமொழி ஒலிக்காதவரை, அது சென்று சேர்ந்ததாகக் கொள்வதில்லை. செங்கோதையின் மறுமொழி ஏதும் பொறியில் பதியவில்லை. ஆகவே, ஆணை கேட்கவில்லை என்று அவள் சொன்னாலே தலை தப்பும். பழி மோருக்குப் போகும். மோருக்குத் தலை இல்லை. அதைக் கவிழ்த்தவனுக்கு இருப்பதும் பெயரளவுக்குத்தான்.

இதைத் தத்தன் சிறைக்குப் போய்ச் சாடையாய்ச் சொன்னான், பச்சையாய்ச் சொன்னான், கடைசியில் கெஞ்சியும் பார்த்தான். அண்ணனுக்கு மோர் இன்னும் தலையை விட்டு இறங்கவில்லையா என்று கேலி செய்தபடி, அவன் கொண்டுபோன சோற்றை அவள் நிதானமாய் உண்டாள். கண்ணைத் துடைத்த தத்தன், குழம்பில் காரம் என்றான். சோறும் குழம்பும் அவள் இலையில் இருந்தன.

இன்று இவ்வோலைக்கு இலச்சினையிட அரக்கு உருகிக்கொண்டிருக்கையில், தத்தன் அவளை விதிப்படி இறுதியாய் வினவினான். கேட்கவில்லை என்ற ஒரு சொல்லுக்கு ஓலையில் இடமும் விட்டிருந்தான். ஆணை முழுதும் தன் செவியில் விழுந்தது என்றும், செய்யேன் என்று அப்பொழுதே மறுமொழி ஒலித்ததாகவும், அது அண்ணனின் மோரில் மூழ்கியிருந்தால் இப்பொழுதாவது ஓலையில் ஏறட்டும் என்றும் அவள் செப்பினாள்.

அவள் சொல் அவ்வாறே ஏற்றப்பட்டு, இலச்சினையும் இடப்பட்டது. மேல் ஆணை தேவரீர் திருவுளம். அதற்கு மறுமொழி ஒலிக்கத் தத்தனுக்கு நா எழுமோ, அவனே அறியான்.