இரண்டாவது குவியலை அரைத்துவிடாதீர்கள்

அனுப்புநர்:
ஆண்டியப்பன் நாகலெட்சுமி,
4ஆம் இலக்க லயம், 7ஆம் காம்பரா,
குருவிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
டிக்கோயா வழி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
கருமலைப் பிரதேச சபை.

விடயம்: தோட்டக் கழிவு என்று தவறுதலாக ஏற்றிச் செல்லப்பட்ட எனது குடும்பப் பத்திரங்களை, எதிர்வரும் 21ஆம் திகதிக்கு முன் சபையின் கூட்டுப்பசளைக் குவியலில் தேடி எடுக்க அனுமதி கோரல்.

மதிப்புக்குரிய செயலாளர் ஐயா,

1. நான் மேற்படி தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். கணவர் ஜெயகாந்தன், மகள் நிலக்ஷி ஆகியோருடன் வசிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள் ஆதலால் இந்த மனுவை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. அறை அறையாக ஒரே வரிசையில் கட்டிய எங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேடு வெடித்துப் போயிருப்பதால், இங்குள்ள ஒன்பது குடும்பங்களை வேறு இடத்தில் குடியேற்றப் பட்டியல் எடுத்திருக்கிறார்கள். கிராம சேவகர் கடந்த 06.10.2025 திங்கட்கிழமை, காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக் களத்துக்கு வந்து, வீடு வீடாகப் பத்திரம் பார்க்க வருவோம், "கொள லேஸ்தி கரலா தியாகன்ன" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். தாள்களை ஆயத்தமாக வைத்திருங்கள் என்று அர்த்தம். அன்றே நான் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, பழைய சேலைத் துண்டில் சுற்றி, ஒரு பையில் போட்டுக் கட்டி வைத்தேன்.

3. அந்தப் பையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தோட்டத்துக் குப்பை போடுவதற்கென்று சபை இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்கொன்றாகக் கொடுத்த பச்சைப் பை அது. நல்ல கெட்டியான பை, மழை ஏறாது. அதில் போய் பீட்ரூட் தழையையும் போஞ்சிக் கொடியையும் போட எனக்கு மனம் வரவில்லை. குப்பை எடுக்கவும் இரண்டு மாதமாக ஒருவரும் வரவில்லை. வெளியே "நாகு" என்று எழுதி, வீட்டில் இருப்பதிலேயே பெறுமதியானதை அதில் வைத்தேன். என் புத்தி அப்படிப் போய்விட்டது ஐயா.

4. 08.10.2025 புதன்கிழமை கால் சுளுக்கினால் நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. லயத்தில் வேறு யாருமில்லை. கழுத்தில் அட்டை தொங்கவிட்டு, கையில் புத்தகத்துடன் ஒரு ஐயா வாசலில் வந்து நின்று, "அம்மே, கொள டிக தென்ன" என்றார். தாள்களைத் தாருங்கள் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். நான் பையை எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்.

5. 'கொள' என்றால் இலை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தோட்டத்தில் எங்களிடம் இலை கேட்பவர்கள் 'தளு' என்றுதான் கேட்பார்கள். புத்தகமும் அட்டையுமாக வருகிற அதிகாரியின் வாயில் 'கொள' என்பது என் ஆயுசில் தாளாகத்தான் இருந்திருக்கிறது. எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டேன். ஏதோ சொன்னார், ரோட்டில் நின்ற அவர்களின் டிராக்டர் இரைச்சலில் கடைசி மட்டும் கேட்டது: "தவ மாச துனகின் ஆபஹு தெனவா." மூன்று மாதத்தில் திருப்பித் தருவோம் என்றார். அரசாங்கக் கந்தோர் வேலை என்றால் மூன்று மாதம் ஆகும்தானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அவர் இலை குப்பையை உரப் பசளையாக்கித் தருவதைச் சொல்லியிருக்கிறார்.

6. 14ஆம் திகதி கிராம சேவகரின் ஆட்கள் உண்மையாகப் பத்திரம் பார்க்க வந்தார்கள். "அதான் போன கெழமையே குடுத்துட்டேனே சார்" என்றேன். யாரிடம் என்று விசாரித்தபோதுதான் விடயம் வெளிப்பட்டது. பக்கத்துக் காம்பரா மீனம்மா, "அடிப் பாவி, எல அள்ள வந்தவங்கிட்டயாடி சர்டிபிகேட்ட குடுத்த?" என்று சிரித்தாள். நான் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

7. மறுநாள் சபையின் கூட்டுப்பசளை நிலையத்துக்குப் போனேன். கழுவிய பைகளைக் கம்பியில் காயப் போட்டிருந்தார்கள். என் பையும் வெறுமையாகத் தொங்கியது. அங்கு வேலை செய்யும் ஷிஹாம் என்ற தம்பி, "உள்ளுக்கு இருந்ததெல்லாம் ரெண்டாவது குவியல்ல கொட்டியாச்சி அக்கா. மேல சாணித் தண்ணியும் ஊத்தியாச்சி" என்றார். நான் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே கொதிக்கிறது ஐயா. வெந்நீர்ப் பானைக்குள் விட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டேன். 21ஆம் திகதி அந்தக் குவியலை இயந்திரத்தில் போட்டு அரைப்பார்கள் என்றும், தங்கள் கடிதம் இல்லாமல் யாரும் அதைப் பிரிக்க முடியாது என்றும் மேற்பார்வையாளர் தெரிவித்தார்.

8. அதற்குள் இருப்பவை: எங்கள் மூவரின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், காலஞ்சென்ற என் தகப்பனார் ஆண்டியப்பனின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். மற்றவற்றுக்குப் பிரதி எடுக்கலாம் என்கிறார்கள். தகப்பனாருடையதற்கு எங்கே போவேன்? கால்சட்டை போட்ட அதிகாரி யார் லயத்துப் பக்கம் வந்தாலும் அப்பா முதலில் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். "இது இருக்கிற வரைக்கும் நம்மள யாரும் இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்த முடியாது புள்ள" என்பார். இன்று யாரும் யாரையும் கப்பலில் ஏற்றுவதில்லை என்று மகள் விளக்கிச் சொல்கிறாள். அவள் சொல்வது விளங்குகிறது. பயம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. 28ஆம் திகதி கடைசிப் பரிசீலனை. மூலப் பத்திரம் இல்லாதவர் பெயரைப் பட்டியலில் வைக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எட்டுக் குடும்பம் போன பிறகு அந்த மண்மேட்டுக்குக் கீழே நாங்கள் மூன்று பேர் மட்டும் இருப்பதை நினைத்தால் இரவில் கண்மூட முடியவில்லை.

9. தவறு என்னுடையது. டிராக்டரில் வந்த ஐயாவை வேலையால் நிறுத்திவிட வேண்டாம், அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழாட்கள் குடியிருக்கும் லயத்துக்கு அனுப்பும்போது, "இலை குழை எடுக்க வந்திருக்கிறோம்" என்று தமிழில் நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கலாமே ஐயா.

10. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, இரண்டாவது குவியலை 21ஆம் திகதி அரைப்பதை நிறுத்திவைக்கவும், நாங்கள் மூவரும் அதைக் கையால் பிரித்துத் தேடுவதற்குக் கடிதம் தரவும் வேண்டுகிறேன். மண்வெட்டி, முள்வாரி எதுவும் போடமாட்டோம். தேடிய பின் பழையபடி குவித்துக் கொடுப்போம். நாளை வெள்ளிக்கிழமை விட்டால் சனி, ஞாயிறு, தீபாவளி என்று கந்தோர் மூடிவிடும். அதனால் இந்த மனுவைத் தபாலில் போடாமல் நானே கொண்டுவருகிறேன். கடிதம் கையில் கிடைக்கும்வரை சபை வாசலில் இருப்பேன். அதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
ஆ. நாகலெட்சுமி

இடம்: குருவிமலைத் தோட்டம்
திகதி: 16.10.2025

இணைப்பு: மனுதாரர் இன்னார் என்பதற்கான அத்தாட்சிப் பத்திரங்கள் இணைக்கப்படவில்லை. அவை இரண்டாவது குவியலில் உள்ளன.