வெற்றுத்தாளுக்குப் பத்து மதிப்பெண்

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். அம்மாவின் முழங்கால் வலி தேவலை, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மாடியில் உன் அறையைப் பெருக்குவது இப்போது என் வேலை, நான் மூலைகளை விட்டுவிடுவதைக் கீழே இருந்தபடியே கண்டுபிடித்துத் திட்டுகிறாள். போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் நான் வாத்தியார் ஆகிவிடுகிறேன். அங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போடட்டுமா, உங்களுக்குச் சம்மதமா என்று போன மாதம் நீ கேட்டபோது அதுதான் நடந்தது. தாராளமாகப் போடு, ஆள் போகிற நாட்டுக்கும் லாபம், அனுப்புகிற நாட்டுக்கும் லாபம் என்று பாடம் நடத்திவிட்டேன். நீ சரிப்பா என்று போனை வைத்துவிட்டாய். அம்மாவுக்கு என் மேல் இரண்டு நாள் கோபம்.

அதற்குப் பிறகு கல்லூரியில் ஒன்று நடந்தது. என் பொருளாதார வகுப்பில் இந்த வருடம் வெளிநாட்டுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். அவர்களில் நான் எது சொன்னாலும் தலையாட்டுகிற பெண் ஒருத்தி உண்டு, அவளுக்குத் தலையாட்டி என்றே பெயர் வைத்திருக்கிறேன், அவளுக்கும் தெரியும், சிரிப்பாள். இளைஞர்கள் வெளிநாடு போவதால் சொந்த நாட்டுக்கு என்ன விளைவு என்று பரீட்சையில் கேட்டிருந்தேன். வீட்டுக்குப் பணம் வரும், மிச்சம் இருப்பவர்களுக்கு வேலை கிடைக்கும், கூலி உயரும் என்று நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாரும் அட்சரம் பிசகாமல் எழுதியிருந்தார்கள். தலையாட்டி மட்டும் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அடியில் ஒரே வரி, பதில் தெரியும், ஆனால் இந்த விடுமுறைக்கும் வர வேண்டாம், படிப்பைப் பார் என்று ஊரிலிருந்து என் அம்மா காலையில்தான் போனில் சொன்னார், எழுதக் கை வரவில்லை என்று. நான் பத்துக்குப் பத்து போட்டுவிட்டேன். பதிலே இல்லையே, எதற்குப் பத்து என்று துறைத்தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. பத்தை அடித்துச் சைபர் போட்டுக் கையெழுத்திட்டேன். அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது அதற்கும் தலையாட்டினாள்.

இதை வீட்டில் சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று ஆரம்பித்தவள், "யார் வீட்டுப் பொண்ணோ ஏங்குனா பத்து மார்க்கு, நம்ம பொண்ணுக்கு மட்டும் பாடமா? அவ பொருளாதாரமா கேட்டா? நீங்க எப்படி இருப்பீங்கன்னுதானே கேட்டா" என்றாள். அவள் சொன்னது சரிதான். நீ போய் ஆறு வருடம் ஆகிறது, இன்னும் சாயங்காலம் ஸ்கூட்டரை நிறுத்தியதும் உன் ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து நீ வாயடிப்பதைக் கேட்க வேண்டும் போல ஏக்கமாக இருக்கிறது. இதைத்தான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கே இருந்தாலும் உடம்பும் மனமும் வாடாமல் நீடூழி வாழ்வாய், இது அம்மாவும் சேர்ந்து சொல்வது. கடைசித் தேதி இருபது என்றாய், தவறவிடாதே, விண்ணப்பத்தைப் போடு. அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு மட்டும் போடாதே. அப்பாவுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் போடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா