அம்மாவின் பெயரால் திறந்த கணினி

அன்புள்ள அம்மாவுக்கு, பினாங்கிலிருந்து மகன் கனகு எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பயப்படாமல் படியுங்கள். கணினி வகுப்பில் சற்குணம் என்ற உங்கள் பெயரைத்தான் என் ரகசியச் சொல்லாக வைத்திருந்தேன். உங்கள் கடித உறைகளின் பின்புறம் அதே பெயர் இருப்பதை மறந்துவிட்டேன். அறையில் கூட இருக்கும் ராமதாஸ் அதைத் தட்டி உள்ளே போய், பரீட்சைக்கு மூன்று வாரமாக நான் எழுதிய புரோகிராமை அழித்துவிட்டான்.

"பூட்டிட்டு சாவிய வாசல்லயே மாட்டி வச்சா எப்படிலா தம்பி?" என்று சிரிப்பு வேறு.

சும்மா விடுவேனா? ரகசியச் சொல் கேட்கும் திரையைப் போலவே ஒரு போலித் திரை செய்து வைத்தேன். ராமதாஸ் தன் சொல்லைத் தட்டியதும் அது "தவறு" என்றது. அவன் சொல் என்னிடம் சிக்கியது. நேற்று அவன் புரோகிராமை என் டிஸ்கெட்டுக்கு மாற்றிவிட்டு, "சற்குணத்தின் மகன் வந்து போனான்" என்று மட்டும் எழுதி வைத்தேன். திங்கட்கிழமை பரீட்சை. அழித்தவன் இப்போது அழுகிறான். வகுப்பு முழுவதும் கேட்க மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு தருகிறேன்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். எனக்கு முதலில் வைக்க நினைத்த பெயர் ஒன்று உண்டு என்பீர்களே, அதையும் எழுதுங்கள். இனி அதுதான் என் சொல். இங்கே அது யாருக்கும் தெரியாது.

பஸ் வந்துவிட்டது. பெயரை உறைக்கு உள்ளே எழுதுங்கள், அம்மா.

கனகு