வினிஃப்ரெட்டுக்கு ஒரு நடுப்பெயர்

ஒட்டாகோ ஆட்டுப் பண்ணை,
நியூசிலாந்து.
ஜூலை மாதம்.

அன்புள்ள மோராக்,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் நம் குழந்தையும் நலம் என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. ஸ்காட்லாந்தில் இப்போது நல்ல வெயிலாக இருக்கும். இங்கே பனி. நீ பயந்த அந்தக் காற்று இன்னும் தகரக் கூரையை விட்டபாடில்லை.

வினிஃப்ரெட். உன் அம்மாவின் அத்தை பெயர் என்று எழுதியிருந்தாய். பண்ணைச் சமையல்காரர் ட்ரெவரிடம் சொன்னேன். "ஐயையோ, பல்செட்டு மாட்டின கிழவி பேராச்சேப்பா! பொறந்த புள்ளைக்கா?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வின்னின்னு கூப்பிட்டா நல்லாத்தான்யா இருக்கு" என்று தானாகவே சமாதானமானார்.

முதல் பெயர் நீ வைத்தது. குடும்பப் பெயரும் உன்னுடையதே. நடுப்பெயரையாவது நான் சொல்லட்டும் என்கிறாய். நீ ஊர் திரும்பிய பிறகு என்னிடம் கேட்ட ஒரே விஷயம் இதுதான்.

முதலில் என் அம்மா பெயரை நினைத்தேன். வினிஃப்ரெட் மார்கரெட். ஆடுகளுக்கு வைக்கோல் போடும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "ரெட்டு, ரெட்டுன்னு ரயில் போற மாதிரி இருக்கே ஃபெர்கஸ்" என்றார் ட்ரெவர். ரோஸ் என்றால் ஊரில் பாதிப் பெண்களுக்கு நடுப்பெயர் ரோஸ்தான்.

ஜீன் என்று வை. வினிஃப்ரெட் ஜீன்.

அது உன் நடுப்பெயர் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நம் கல்யாணத்தன்று பாதிரியார் "மோராக் ஜீன்" என்று வாசித்தபோதுதான் உனக்கு அப்படியொரு பெயர் இருப்பதே எனக்குத் தெரிந்தது. வியந்து திரும்பினேன். "வெளிய சொல்லிடாத, எனக்குப் புடிக்காது" என்று காதோடு சொன்னாய். உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அதற்கு ஓர் ஆயுளும் இருக்கிறது என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

என் பக்கத்துப் பெயர் வேண்டாம். கூப்பிட நான் இல்லாத வீட்டில் அது தனியாக என்ன செய்யும்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நடுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். அவள் வளர்ந்து, சேற்றுக் காலோடு வீட்டுக்குள் ஓடிவந்தால், முழுப்பெயரையும் சொல்லித் திட்டு. "இந்தப் பேரை யாரும்மா வச்சது?" என்று முறைத்துக்கொண்டு கேட்பாள். அப்போது மட்டும் மறைக்காமல் சொல்லிவிடு.

இருவரும் நன்றாக இருங்கள்.

ஃபெர்கஸ்