மைக்கில் மூன்று தட்டு

கண்ணு கௌதம்,

நீ இருந்திருந்தால் இது ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்து வேலை. என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இத வாங்குக்கா, மத்ததெல்லாம் வேஸ்ட்டு" என்று முடித்திருப்பாய். ஒரு ஹெட்செட் வாங்கத் தெரியாமல் ஒரு வாரமாக உன் அக்கா திண்டாடிக்கொண்டிருக்கிறாள். சிரிக்காதே.

உன் பழைய கறுப்பு ஹெட்செட்தான் இன்னமும் ஓடுகிறது. வளைவு முறிந்த இடத்தில் டேப் சுற்றியிருக்கிறேன். காது மெத்தை உரிந்துவிட்டது. சாயங்காலம் அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாட்டுக் கேட்டு முடித்தால், அவர் காதைச் சுற்றிக் கறுப்பாகத் தூள் ஒட்டியிருக்கிறது. பகலில் எனக்கு ஆபீஸ் கால், சாயங்காலம் அவருக்குப் பாட்டு, அதற்கப்புறம் உனக்கு விளையாட்டு என்று ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று பேர் அடித்துக்கொண்டோமே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது பிடுங்க ஆளில்லை. அது பாட்டுக்கு மேசைமேல் கிடக்கிறது.

விளையாட்டையும் நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பெயரில்தான் நுழைகிறேன். உன் செட்டுப் பையன்கள் எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள். எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று யோசிப்பதற்குள் செத்துப்போகிறேன். "நீ மொதல்ல செத்துடுக்கா, அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்பாயே, அதைச் சொல்லத்தான் யாரும் இல்லை.

இப்போது வேலைக்கே வினை வந்துவிட்டது. என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதாம். நடுநடுவே கொரகொரவென்று இரைகிறதாம். பேசுகிறவர்கள் புகார் கொடுக்கிறார்கள். டீம் லீடர் மரியாதையாகத்தான் சொன்னாள். "மேடம், மண்டேக்குள்ள ஆடியோவ சரி பண்ணிடுங்க. இல்லாட்டி மத்தவங்க மாதிரி நீங்களும் பெங்களூரு ஆபீஸுக்கே வந்துடுங்க."

விடியுமுன் வண்டி பிடித்து இருட்டிய பின் திரும்பினால் அப்பாவை யார் பார்ப்பது? காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராததிலிருந்து அவர் அவராக இல்லை. அடுப்பை அணைக்க மறக்கிறார். சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டை எடுக்கிறார். புத்தர் படத்துக்குப் பக்கத்தில் உன் படத்தை மாட்டியதே அவர்தான். சில நாள் அதை நிமிர்ந்து பார்த்து, "இத யாரு இங்க மாட்டனது?" என்று கேட்கிறார்.

ஆக, ஒரு ஹெட்செட்டில் வந்து நிற்கிறது என் பிழைப்பு. போனில் தேடினால், ஒருவர் மைக் அருமை என்று எழுதுகிறார். அதற்கு அடியிலேயே இன்னொருவர் மைக் வேலையே செய்யவில்லை என்று அழுகிறார். நீ சொல்லிக்கொடுத்ததும் பாதிதான் மண்டையில் நிற்கிறது. லைட்டுக்குக் காசு கொடுக்காதே என்றாய், அது சரி. எடை கம்மியாக இருக்கணும், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்றாய். பாட்டுக்கு நல்லது காலடிச் சத்தத்துக்கு ஆகாது என்றாயா, இல்லை அதற்குத் தலைகீழா? அப்போதெல்லாம் தலையை ஆட்டினேனே தவிரக் காதில் வாங்கவில்லை.

கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்கே போய்விட்டேன், கையில் தொட்டுப் பார்த்தாவது வாங்கலாம் என்று.

கடைக்காரர் எடுத்தவுடன் வானவில் மாதிரி எரிகிற ஒன்றை நீட்டினார். "பசங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க மேடம்."

"லைட்டு வேணாம்ணா. நாள் முழுக்க கால் பேசணும். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் கேம்."

"எல்லாமே ஒண்ணுலயா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து இரண்டு எடுத்து வைத்தார். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். மைக்கைத் தட்டிப் பார்க்கணும் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. நம் வீட்டில் யாரும் ஹலோ சொல்லி மைக்கைச் சோதித்ததில்லையே.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். அப்பா தங்கச் சுரங்கத்தில் கேஜ் பெல் அடித்தவர். ஆட்களை ஏற்றி இறக்குகிற அந்தக் கூண்டுக்கு மணிதான் பாஷை. ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறியாச்சு. கீழிருந்து எத்தனை மணி வருகிறதோ அத்தனையை மேலே இருப்பவர் திருப்பி அடிக்க வேண்டும், அப்புறம்தான் கூண்டு அசையும். சுரங்கத்து வெடிச் சத்தத்தில் அவர் காது பாதி போய்விட்டது. வண்டி இரைச்சலில் நீ பேசினால் அவருக்குப் புரியாது. அதனால் சாயங்காலம் பெங்களூரில் வீட்டுக்கு வண்டி ஏறியதும் போன் போட்டு, போன் மைக்கில் மூன்று தட்டு தட்டுவாய். அவர் போனின் முதுகில் நகத்தால் மூன்று தட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, உனக்கும் சேர்த்து அரிசி களைவார்.

முதல் ஹெட்செட்டை மாட்டி அப்பாவுக்குப் போன் போட்டேன். மூன்று தட்டினேன். "யாரு? ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிட்டார். கடைக்காரர் சிரித்தார். "தட்டுனா போவாது மேடம். சத்தம்னு நெனச்சி அதுவே அமுக்கிடும். பேசனா மட்டுந்தான் போவும்."

இரண்டாவதை மாட்டினேன். மறுபடி மூன்று தட்டு. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து டக், டக், டக் என்று தெளிவாக வந்தது. சத்தம் நன்றாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்படக்கூட நேரமில்லை.

"ஏறிட்டியாடா கௌதமு?" என்றார் அப்பா. "இன்னிக்கி இன்னா இவ்ளோ லேட்டு? சரி வா, அரிசி ஒரு புடி கூட போடறேன்."

எத்தனை மாதமாகக் கேட்காத குரல் தெரியுமா அது. அத்தனை தெம்பு. நான்தான்ப்பா என்று எப்படிச் சொல்வேன்? கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அந்த நேரத்தில் மூன்று தட்டு வந்தால் அவருக்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? அது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? வேறு வழி தெரியாமல் விரலை மைக்கில் வைத்து ஒரே ஒரு தட்டு தட்டினேன்.

ரொம்ப நேரம் கழித்து அப்பாவும் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். போனை வைத்துவிட்டார்.

முதல் ஹெட்செட்டையே கட்டித் தரச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு கிண்ணத்தில் களையாத அரிசி ஒரு பிடி தனியாக இருந்தது. திரும்ப டப்பாவில் போட மனசு வரவில்லை போலிருக்கிறது.

"நல்லதா பாத்து வாங்கனியாம்மா?"

"வாங்கிட்டேம்பா. இதுல பேசனாத்தான் கேக்கும். தட்டுனா கேக்காது."

"அதுவும் சரிதான்" என்றார். பிறகு மேசைமேல் கிடந்த உன் பழையதை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு எதுவும் போடவில்லை.

எனக்கு அழுகையாக வந்தது. யாரிடம் அழுவது, சொல்.

திங்கட்கிழமை வேலை பிழைத்துக்கொள்ளும். என் குரல் சுத்தமாகப் போகும். அப்பாவுக்குத்தான் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன், கண்ணு. டேப் சுற்றியோ ஒயரை மாற்றியோ உன் பழைய ஹெட்செட்டை ஓட வைத்துக்கொண்டே இருப்பேன். அதில் தட்டினால் கேட்கும். அந்த மூன்று தட்டை இனி நான் தட்ட மாட்டேன். அது உன்னுடையது.

இப்படிக்கு,
எப்போதும் முதலில் செத்துப்போக வேண்டிய
உன் அக்கா